மைலோ தொடாத சோறு

நாய்க்கு முள் எடுத்த மீன். அப்பாவுக்குக் கருவாட்டுச் சம்பல்.

அடுப்படி வாசலில் நின்று தினேஸ்வரி தெரிந்துகொண்டது இதுதான்.

அப்பா காத்தமுத்துவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆயர் தாவாரிலிருந்து காலையில்தான் வந்திருந்தாள். ரப்பர் தோட்டத்து வீட்டை விட்டு அவர் ஈப்போவுக்கு வந்து, தம்பி யுகேந்திரனோடு இருக்கிறார். தம்பி வேலைக்குப் போயிருந்தான்.

தம்பி மனைவி துளசி அவித்த கெம்போங் மீனை விரலால் தடவித் தடவி முள் பொறுக்கினாள். குழைந்த சோற்றில் அதைப் போட்டு, வெந்த பீர்க்கங்காயையும் சேர்த்துப் பிசைந்தாள்.

"யாருக்குத் துளசி இது?"

"மைலோவுக்கு அண்ணி. உப்பு போட்டா தொடாது. முள் இருந்தா தொடாது. நல்லாக் குழையலன்னாலும் தொடாது. ரொம்ப மஞ்சா லா!"

"செல்லம் கொடுத்தா அப்படித்தான். அப்பாவுக்கு என்ன ஆக்குன?"

துளசி மேசையைக் கண்ணால் காட்டினாள். தினேஸ்வரி தட்டைத் திறந்து பார்த்தாள். வெள்ளைச் சோறு, அப்பளம், எண்ணெய் மிதக்கும் கருவாட்டுச் சம்பல்.

"உனக்கு அறிவிருக்கா? போன மாசம்தான் வாய் கோணி ஆஸ்பத்திரியில கெடந்தாரு. உப்பைக் குறைக்கணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நாய்க்கு உப்பில்லாம ஆக்குற, அவருக்குக் கருவாடா?"

"மெதுவாப் பேசுங்க அண்ணி. மாமாதான் கேட்டாரு."

"கேட்டா கொடுத்துருவியா?"

"பத்தியச் சோறு வச்சா தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சிடுறாரு. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே'ன்னு பழமொழி வேற. அன்னைக்குப் பொழுது முழுக்கப் பட்டினி."

"அதுக்காக?"

துளசி, பிசைந்த சோற்றைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் மாமனாரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாய்க்குச் சோறு ஊட்டுவது அந்த வீட்டில் காத்தமுத்துவின் வேலை. பின்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் பழுப்பு நிற மைலோ. தினேஸ்வரி பின்வாசல் நிலையோரம் வந்து நின்றாள்.

ஒரு கவளம் உருட்டி நீட்டினார்.

"சாப்பிடுடா ராசா."

மைலோ மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டது.

"திமிரப் பாத்தியா! தோட்டத்துல வேலை வாங்குன மண்டோருக்குக்கூட யாரும் இப்படி முள்ளெடுத்துப் பிசைஞ்சு கொடுத்ததில்ல!"

"தொடலன்னா லோங்காங்குல கொட்டிடுங்க மாமா!" உள்ளேயிருந்து துளசி குரல் கொடுத்தாள்.

பெரியவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"சோத்தையா சாக்கடையில கொட்டச் சொல்ற? மரவள்ளிக் கிழங்கத் தின்னுட்டுப் பால்மரம் வெட்டுன குடும்பம்மா இது!"

நீட்டிய கவளத்தை மைலோவின் பக்கத்தில் வைத்துவிட்டு, சட்டியை மடியில் வைத்துக்கொண்டார். முனகிக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தவர், சட்டியின் அடி தெரியும்வரை நிறுத்தவில்லை.

தினேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாய் வேணான்னு தள்ளுனத நீங்க திங்கணுமாப்பா?"

"சட்டியில அது வாய் வைக்கலம்மா. நல்ல சோறு." ஏப்பம் விட்டார். "உப்புதான் இல்ல. நாய்ச் சோத்துல உப்புக்கு எங்க போறது?"

உள்ளே வந்து மேசையைப் பார்த்தார். "வயிறு ரொம்பிடுச்சும்மா துளசி. அத எடுத்து வச்சிரு." முகம் கழுவப் போய்விட்டார்.

அவ்வளவுதான். தினேஸ்வரி அவருடைய அறைக்குள் நுழைந்தாள். கொடியில் கிடந்த சட்டை, கைலியெல்லாம் உருவிப் பையில் திணித்தாள்.

"அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். உன் புருசன்கிட்ட நீயே சொல்லிக்க. எங்க வீட்டுலயாவது அவரு மனுசனாட்டம் சாப்பிடட்டும்!"

துளசி குழாய்ச் சத்தம் கேட்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு அறைக்கதவை மெல்லச் சாத்தினாள்.

"அண்ணி, மைலோ காலையிலேயே கோழி ஈரலை வயிறு முட்டத் தின்னுடுச்சு. தினமும் நான்தான் போடுறேன். அப்புறம் எதைக் கொடுத்தாலும் அது தொடாது. சோத்தக் கொட்டுறேன்னு சொன்னா மாமாவுக்குப் பொறுக்காது."

தினேஸ்வரி பையைக் கீழே வைத்தாள்.

"அப்போ... அந்தச் சம்பல்?"

"ஞாயித்துக்கிழமை ஆக்குனது. தினமும் மேசைக்கு வரும், திரும்பி ஐஸ்பெட்டிக்குப் போகும்." துளசி அவள் கையைப் பிடித்தாள். "பத்தியச் சோறுதான் திங்கிறோம்னு தெரிஞ்சா மறுபடியும் பட்டினி கெடப்பாரு. சொல்லிடாதீங்க அண்ணி."

அந்தக் கையில் மீன் வாடை இன்னும் போகவில்லை. தினேஸ்வரி அதை விடவில்லை.

கதவு திறந்தது. துண்டால் முகத்தைத் துடைத்தபடி காத்தமுத்து நின்றார்.

"என்னம்மா, என் சட்டையெல்லாம் பையில இருக்கு?"

தினேஸ்வரி தடுமாறினாள். "சும்மாதாம்பா... ஆயர் தாவாருக்கு வந்து கொஞ்ச நாள் எங்களோட இருக்கலாமேன்னு..."

காத்தமுத்து மருமகளை ஒரு பார்வை பார்த்தார். துளசி சட்டென்று குனிந்து பையிலிருந்த சட்டைகளை வெளியே எடுக்க ஆரம்பித்தாள்.

அவர் மகளின் காதோரம் சாய்ந்து, துளசிக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"வரலாம்தான். ஆனா, உங்க வீட்டுல நாய் இல்லையேம்மா!"