டர்போவும் பின் சீட்டும்
குன்னூர் ஒர்க் ஷாப்பின் தகரக் கூரையிலிருந்து பனிநீர் சொட்டுகிறது. பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது இருபது வருஷத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வேகத்தைக் கூட்ட எஞ்சினுக்கு எதை மாட்டலாம் என்று டர்போ, கேம் ஷாஃப்ட், பெரிய சைலன்சர் எல்லாவற்றையும் பெஞ்சில் பரப்பியிருக்கிறான் ஜெர்சன். கடைசியில் டர்போவை எடுத்து, பச்சைக் குழந்தையைத் துடைப்பதுபோல் துடைக்கிறான். அவன் மனைவி தபித்தாள் அதைப் பார்க்கவில்லை, கார் கதவைப் பார்க்கிறாள். போன வாரம் பர்லியார் இறக்கத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காமல், மகளும் உள்ளே இருக்க, பாறையில் உரசிய கோடு அதில் இன்னும் வெள்ளையாகக் கிடக்கிறது.

"மொதல்ல பிரேக்க மாத்துங்க" என்கிறாள். "ஏத்தத்துல வண்டிக்கு மூச்சு வாங்குது. உனக்கென்னடி தெரியும்?" என்று சீறுகிறான். மெக்கானிக் காத்தமுத்து ஸ்பேனர் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டு ஜெர்சனிடம் சொல்கிறார்: "அண்ணே, டர்போ மட்டும் போட்டாப் பத்தாது. வண்டி எடையையும் கொறைக்கோணும்."

தபித்தாள் காரின் பின்கதவைத் திறக்கிறாள். பிஸ்கட் தூள் ஒட்டிய மகளின் குட்டி சீட்டை வார் வாராக அவிழ்த்து வெளியே இழுத்து, ஆயில் படிந்த தரையில் அவன் காலடியில் வைக்கிறாள்.

"எடை கொறஞ்சிருச்சுங்க. இனி நீங்க வேகமாப் போலாம்."