சாவிக் கடையில் மத்தியானச் சோறு

சாவி செய்கிறவரின் கடைக்குள் மத்தியான வெயில் ஒரு முழம்தான் நுழைகிறது. சாலையில் லாரி போகும்போதெல்லாம் ஆணிகளில் தொங்கும் சாவிகள் லேசாகச் சலசலக்கின்றன. அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மேசைமேல் வைத்து மூடியைத் திருகப் பார்க்கிறாள். மருந்தில் மரத்துப்போன விரல்களுக்குப் பிடி கிடைக்கவில்லை. அந்த விரல்களால்தான் இருபது வருடம் நகரத்து அலுவலகத்தில் தட்டச்சு செய்தாள். நோய் விட்டபோது வேலையும் விட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் இந்தச் சாவிக்காரருடைய மனைவி. "நான் போயிட்டா எங்க வீட்டுக்காரர் டீயைக் குடிச்சே காலத்த ஓட்டிடுவார், கொஞ்சம் எட்டிப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். எட்டிப் பார்க்க இந்தச் சின்ன ஊருக்கு வந்தவள், அடுத்த தெருவில் ஓர் அறை எடுத்து, இவருக்கும் சேர்த்துச் சமைக்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தானே மூடியைத் திறக்கிறார். கீரையின் ஆவி அவருடைய மூக்குக்கண்ணாடியில் படிகிறது. ஒரு வாய் வைத்ததும் மெல்லுவது நின்றுவிடுகிறது. "நல்லா இல்லையாண்ணே?" "தினமும் நல்லாத்தாம்மா இருக்கு." ஆவி படிந்த கண்ணாடியைத் துடைக்காமலே குனிந்துகொள்கிறார். "அவ கைக்கு உப்பு அளவே தெரியாது. முப்பது வருசத்துல ஒரு தடவகூட நான் சொன்னதில்ல." அவள் பாத்திரத்தின் மூடியை மேசை ஓரமாக நகர்த்துகிறாள். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் உப்பக் கூடப் போட்டுக் கொண்டு வரியாம்மா?" "எவ்வளவுண்ணே?" அவர் அடுத்த கவளத்தை உருட்டிக் கையிலேயே வைத்திருக்கிறார். "வாயில வைக்க முடியாத அளவுக்கு" என்கிறார்.