முழுகாத சனிக்கிழமை

பிடிலும் மேளமும் ஒன்றாக வெடித்தபோது மண்டபத்தின் பலகைத் தரை என் கால்களுக்குக் கீழே எழும்பி இறங்கியது.

எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. ஒரு வருடமாக, பரிசோதனைக்கூட வேலைக்குப் போகும் பஸ்ஸில், வோக்மனில் தேயத் தேயக் கேட்ட பாட்டு.

அயர்லாந்துக் கிராமத்து மெட்டுகளை எலெக்ட்ரிக் கிட்டாரோடு தலைதெறிக்க ஓடவிடும் குழு அது. ரஸ்டி ஃபிடில்ஸ். ஒக்லாந்துக்கு முதல் தடவையாக வந்திருந்தார்கள். பிற்பகல் நிகழ்ச்சி. அதற்குள்ளேயே பாதிப் பேருக்கு வெறி ஏறியிருந்தது.

எல்லோரும் துள்ளினார்கள். நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் வலது கால் தானாகத் தாளம் போட்டது. அதை இடது காலால் மிதித்தேன்.

காலையில் லண்டனில் இருந்து சித்தப்பா டெலிபோன் எடுத்திருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்த நேரம்.

"ஊரில அப்பாக்குக் கொஞ்சம் கடுமையாம், பிள்ளை."

தூரத்தில் இருப்பவர்களுக்கு எங்கள் ஆட்கள் நேரே சொல்வதில்லை. கடுமை என்பார்கள். மிச்சத்தை நாங்களே விளங்கிக்கொள்ள வேண்டும்.

"எப்ப எடுத்தது, சித்தப்பா?"

அவர் விம்மினார். "வியாழக்கிழமையே எடுத்தாச்சு. சண்டையால பாதையெல்லாம் பூட்டு, எனக்கே இப்பதான் தெரியும். அம்மாட்டை ஆறுதலாச் சொல்லு."

நான் சொல்லவில்லை.

அம்மா லீக்ஸ் கட்டோடு வந்தார். கைகளை ஊதிக்கொண்டே அப்பாவை நினைத்துச் சிரித்தார். "கொப்பர் பென்சன் எடுத்துக்கொண்டு வந்தாலும் இந்தக் குளிருக்கு ஒரு கிழமை தாங்கார், பாரன்."

அவர் நெற்றியில் குங்குமப் பொட்டு. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வாய் திறக்க முடியவில்லை. நான் சொல்லும்வரை அது அங்கே இருக்கும். இந்த ஒரு நாளாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சாவுச் செய்தி கேட்டால் தலை முழுக வேண்டும். அதையும் நான் செய்யவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை, இருவரும் முழுகியிருந்தோம். இன்றைக்கும் முழுகினால் அம்மா ஏன் என்று கேட்பார். எனக்குப் பொய் வராது.

முகத்தைச் சரிசெய்துகொள்ள மூலை டெயரிக் கடைக்குப் பால் வாங்கப் போனேன். வீதியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா கம்பளித் தொப்பியோடு வாசலில் நின்றார். இங்கே குளிர்காலமான ஜூலையில் அவர் அதை வீட்டுக்குள்ளேயும் கழற்றுவதில்லை.

"நேரமாகுது. உந்தப் பாட்டுக்குப் போகேல்லையோ?"

குடிகாரரின் கத்தலுக்குக் குமர்ப்பிள்ளை போவதோ என்று ஒரு மாதமாக என்னோடு சண்டை பிடித்தவர்.

"மனமில்லை, அம்மா."

"ஆசைப்பட்டு எடுத்த டிக்கெற். போ. வழியில ஏதும் வாங்கிச் சாப்பிடு. முடியுமட்டும் நிண்டு கேட்டிட்டு வா."

கிளென்ஃபீல்ட் பஸ் பாலத்தில் ஏறியபோது எனக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது. வீட்டில் இருந்திருந்தால் என் முகமே சொல்லிக் கொடுத்திருக்கும். அம்மா இன்னும் பொட்டோடு இருக்கிறார். அது போதும்.

பாட்டு இன்னும் வேகமெடுத்தது. தூணோடு சேர்த்து என்னையும் சனம் நெரித்தது. முன்னால் யாரோ ஒருவன் கையிலிருந்த ஜக்கில் நிறைந்திருந்த பியரை மேலே வீசினான்.

அது முழுவதும் என் தலையில் விழுந்தது.

உறைய வைக்கும் குளிர். புளித்த பியர் மணம். பச்சைச் சாயம் பூசிய தலைமுடியோடு ஒருத்தி "ஐயோ, சாரி, லவ்!" என்று கத்திக்கொண்டு, தன் கழுத்துச் சால்வையை உருவி என் தலையைத் துவட்டினாள். நான் அழுவதைக் கண்டு இன்னும் பதறினாள்.

முழுகியாயிற்று என்று நினைத்தேன். அப்பாவுக்காக. பியரில்.

கூந்தலில் இருந்து ஈரம் வடிந்து என் சட்டையின் கழுத்தைச் சுற்றிக் கருவட்டமாகப் பரவியது.

அந்த வட்டத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

வாசலில். அம்மாவின் சட்டையில். கம்பளித் தொப்பிக்குக் கீழே.

பாட்டு முடிந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று மண்டபம் காலால் உதைத்தது.

நான் புறப்பட்டபோது லீக்ஸ் கட்டு அவிழ்க்கப்படாமல் மேசையில் கிடந்தது. அடுப்பு மூட்டியிருக்கவில்லை. கடைச் சாப்பாட்டைத் தொடவிடாதவர் என்னை வெளியே சாப்பிடச் சொன்னார்.

நான் பால் வாங்கப் போன நேரத்தில் டெலிபோன் இன்னொரு தடவை அடித்திருக்கிறது.

பச்சைத் தலைக்காரியின் கையை விலக்கிவிட்டு, சனத்தை இடித்துக்கொண்டு கதவைத் தேடினேன். எனக்குப் பின்னால் பிடில் மறுபடியும் தொடங்கியது.

பரிசோதனைக்கூடத்தில், நிறம் மாறும் அந்த ஒரு துளியைத் தவறவிடாமல் பார்ப்பதுதான் என் வேலை. இன்று தவறவிட்டிருந்தேன்.

வாசலில் நின்ற அம்மாவின் பொட்டு காலையில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஈர நெற்றியில், அவசரமாக, புதிதாக வைத்தது. ஒரு பக்கம் கரைந்து புருவத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.