கணக்கெடுப்பில் கூவிய சேவல்

அந்த மூங்கில் காட்டில் சுண்டங்கோழி இனமே அழிந்துகொண்டிருந்தது. மிஞ்சியது ஒரு சேவலும் ஒரு பெட்டையும்தான். எத்தனை மிச்சம் என்று பார்த்துக் காப்பாற்ற, ஆட்கள் கணக்கெடுக்க வந்தார்கள்.

"நான் அடைகாக்கிறேன். நீங்க இங்கேயே இருங்க," என்றது பெட்டை.

"நம்மளைப் பத்தி எழுத வந்திருக்காங்க. ஒரு தடவை தலைகாட்டினா போதுமா?" என்ற சேவல், அவர்கள் போன வழியெல்லாம் முந்தி ஓடி, பதினொரு இடத்தில் நின்று கூவியது.

பத்து நாள் கழித்து மைனா செய்தி கொண்டுவந்தது. "பதினொரு சேவல் இருக்காம். அதனால பாதுகாப்பு வேண்டாமாம். மூங்கிலை வெட்ட உத்தரவு போட்டாச்சு."

பெட்டை சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டது.

சேவல் மைனாவை நெருங்கி, மெல்லக் கேட்டது: "அந்தப் பதினொண்ணுல எது நல்லா கூவிச்சுன்னு எழுதியிருக்காங்களா?"