சாத்திக் கிடந்த ஜன்னல்

"அந்த ஜன்னலை மட்டும் திறக்காதீங்க அக்கா," என்றாள் நேசபாய்.

நீட்டிய கையைச் சண்முகவடிவு இழுத்துக்கொண்டாள். தூரத்தில் நின்று பார்த்தே ஆசைப்பட்ட வீடு, கிட்டத்தில் இன்னும் நன்றாக இருந்தது. ஊரிலேயே கொல்லத்து ஓடு போட்ட முதல் வீடு இதுதான். ஓட்டு வீடு, ஓட்டு வீடு என்று ஆறு மாதமாகப் புருஷன் பொன்னுலிங்கத்தின் உயிரை எடுத்துவிட்டாள். அவள் கோபத்தில் அவர்களுடைய ஓலைவீட்டில் நெளியாத பாத்திரம் ஒன்றுகூட மிச்சமில்லை. பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று இரணியல் தரகர் சொன்னதும் அவனே கூட்டி வந்துவிட்டான்.

"இவ்வளவு நல்ல வீட்டை ஏன் விக்குதிய?" என்று கேட்டான் பொன்னுலிங்கம்.

நேசபாயின் புருஷன் ஞானதாசன் வெளியே எட்டிப் பார்த்தான். வெயில் இறங்கியிருந்தது. அவசரமாக முன்கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டான்.

"மறைச்சு விக்க மனசு வரல்ல அண்ணாச்சி. பின்னால குளம் கிடக்கில்லா, அதுக்குள்ள என்னமோ இருக்கு. அந்தியானா முதல்ல எதையோ உருட்டுக சத்தம். பிறகு ஒரு பொம்பளை ஓலம் போட்டு அழுவா. கேட்டா குலை நடுங்கும்."

யட்சியேதான் என்று சண்முகவடிவு முடிவு கட்டிவிட்டாள். யட்சி என்றாலே அவளுக்குச் சின்ன வயதிலிருந்து பயம்.

"என்ன சொல்லி அழுவா?"

"வார்த்தை தெளியாது. தண்ணி மேல வாற சத்தமில்லா," என்றாள் நேசபாய். "ஓடு போட்ட மாசம் தொடங்கினது. உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினாரு, நிக்கல்ல. பிறகு வெக்கத்தை விட்டு மந்திரவாதியையும் விளிச்சோம். பழைய கூரையில குடியிருந்த யட்சியாம். பிரிச்சதுல கோவமாம். வீட்டை விட்டுப் போறதுதான் வழின்னுட்டாரு."

இரண்டு பக்கத்துச் சாமியும் சேர்ந்து விரட்டியும் போகாத யட்சி என்றால் லேசுப்பட்டதா? சண்முகவடிவு புருஷனை ஒட்டி உட்கார்ந்தாள்.

நேசபாயின் மடியில் அவள் மகள் கிரேசி சுருண்டு கிடந்தாள். விடாத காய்ச்சல். அந்தி ஆனாலே பிள்ளைக்கு உடம்பு தூக்கிப்போடும். கொஞ்ச நாளாகப் பேச்சும் இல்லை.

"இப்ப வரும்," என்றான் ஞானதாசன்.

கிரேசி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு தவளை கத்தியதற்கே சண்முகவடிவுக்கு வேர்த்துக் கொட்டியது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

"ஆறு மாசத்துல இண்ணைக்குத்தான் கேக்கல்ல," என்று நேசபாய் கண்ணைத் துடைத்தாள். "நீங்க வந்த ராசியோ என்னவோ."

பொன்னுலிங்கம் எழுந்து, யாரும் தடுப்பதற்குள் ஜன்னலைத் திறந்துவிட்டான். மங்கிய வெளிச்சத்தில் வெளியே பார்த்தவன் அப்படியே நின்றான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான்.

"ஏட்டி, இஞ்ச வா."

நடுங்கிக்கொண்டே போய் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"இந்த வீடு வேண்டாம். நமக்கு நம்ம ஓலைவீடு போதும்."

"யட்சியைப் பாத்துட்டியளா அக்கா?" நேசபாயின் குரல் உடைந்தது.

சண்முகவடிவு குனிந்த தலையோடு வந்து கிரேசியின் நெற்றியைத் தொட்டாள். கை சுட்டது. அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"வீட்டை விக்காதீங்க. இனி அந்தச் சத்தம் கேக்காது," என்றாள் கடைசியில்.

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

சண்முகவடிவு ஜன்னல் பக்கம் திரும்பினாள். திறந்த ஜன்னலுக்கு நேரே, குளத்தின் அக்கரையில், ஆறு மாதமாக அந்திதோறும் இந்தச் சிவப்பு ஓட்டைப் பார்த்துப் பாத்திரங்களைத் தூக்கி எறிந்து அவள் ஓவென்று அழுத அவளுடைய ஓலைவீடு தெரிந்தது.