தண்ணீர் கேட்காத பூ

"வெட்டுடா கங்கையா! மோட்டார் வயரை வெட்டுடா!"

ருக்மணி போட்ட சத்தத்தில் வேலூர் பஸ்ஸே ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனது. அவளுக்குப் பின்னால் காலிக் குடங்களோடு தெருவே நின்றது.

சித்தூரில் அந்தக் கோடை அப்படி. கொசுக்கள்கூட ஊரைக் காலி செய்துவிட்டு பெங்களூருக்கு வேலை தேடிப் போய்விட்டன. தெருவிலிருந்த போர்வெல்களெல்லாம் காற்றைக் கக்கின. பாலையா வீட்டு போரில் மட்டும் தண்ணீர். மற்றவர்களுக்குத் தெருமுனைத் தொட்டிதான். விடிவதற்குள் டேங்கர் வந்து நிரப்பிவிட்டுப் போகிறது என்று சொல்லியிருந்தான், தண்ணீர் விடும் கங்கையா.

"இன்னா பாலையா! எம் பொண்ணு பச்சக் கொழந்தையோட வந்து கீறா. துணி அலசத் தண்ணி இல்ல, தொட்டி பாதிகூட ரொம்பல. நீ பூச்செடிக்கு மோட்டார் ஓட்டிக்கினு கீற! அந்தச் சத்தத்துல டேங்கர் வர்றதுகூடக் கேக்கமாட்டேங்குது!"

பாலையா தன் செடிகளைப் பார்த்தார்.

சைப்ரஸ் தீவில் வீட்டு வேலை பார்க்கும் மகள் ரூபா, லீவில் வந்தபோது புடவை மடிப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்த குச்சிகள் அவை. ஒன்று ரோஸ்மேரி என்கிற வாசனைச் செடி. இன்னொன்று பூத்த பிறகு பார்த்தால், நம்ம ஊர் அரளி! விமானத்தில் வந்த மரியாதைக்காகப் பாலையா அதையும் வைத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும் என்று சொல்லி மல்லிகைப் பந்தலையே பிடுங்கிப் போட்டார்.

கங்கையா கட்டிங் பிளேயரைக் கை மாற்றிக்கொண்டே நின்றான். "வேணாம்க்கா. அப்பால நீங்கதான் கஷ்டப்படுவீங்க."

"நீயும் அவங்க பக்கமா? குடு இங்க!"

பிளேயரைப் பிடுங்கிக்கொண்டு செடிகளுக்குள் இறங்கியவள், குனிந்து மண்ணைத் தொட்டாள். பொடியாக உதிர்ந்தது. பொட்டு ஈரமில்லை.

"இன்னாது, தண்ணியே ஊத்தலியா?"

"இதுங்க தண்ணி கேக்காது," என்றாள் பாலையாவின் மனைவி சென்னம்மா. "மல்லிதான் கொடங்கொடமாக் குடிக்கும். அதான் புடுங்கிட்டாரு."

"அப்போ மோட்டார் தண்ணி எங்க போவுது?"

செடிகளுக்கடியில் ஓடிய கறுப்பு ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தாள் ருக்மணி. சுவரைத் தாண்டி, பின்பக்கச் சந்து வழியாக, அது போய் ஏறிய இடம் தெருமுனைத் தொட்டி.

"டேங்கரு?"

"ஏரி காஞ்சதுலேருந்து டேங்கர் ஏதுக்கா?" என்றான் கங்கையா. "பாலையா மாமாதான் அப்பிடிச் சொல்லச் சொன்னாரு. இப்போ இந்த போர்லயும் தண்ணி கம்மியாயிடிச்சி."

ருக்மணி பின்னாலேயே வந்த பாலையாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஊத்தறவரு வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

"வீடு கட்டி வந்ததுலேருந்து எங்க வீட்ல யாராச்சும் ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கீங்களாம்மா? இது எங்க வீட்டுத் தண்ணின்னு தெரிஞ்சா, கொடத்தக் கவுத்துட்டுப் போயிருப்பீங்க. டேங்கர்னா யாரும் சாதி கேக்கமாட்டீங்க."

குடங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ருக்மணி பிளேயரைக் கங்கையா கையில் திணித்தாள். வந்த வழியே விடுவிடுவென்று நடந்து, பாலையா வீட்டுப் படியேறி உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"கத்திக் கத்தித் தொண்ட காஞ்சி போச்சு, சென்னம்மாக்கா. உங் கையால ஒரு சொம்பு தண்ணி குடு."