மச்சான் ஓட்டிக் காட்டிய படகு

மாதா மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

எங்கள் குடாவில் இடுப்புக்கு மேல் தண்ணீர் கிடையாது. அதற்கேற்ற தட்டையடிப் படகு தேடினேன். தங்கச்சி பிரகாசி, தன் புருஷன் சந்தியாகுவின் படகையே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். போன வருஷம் அது மட்டும்தான் கரை ஒதுங்கியது. அவர் உடல் கிடைக்கவில்லை. "இடுப்பளவு தண்ணியில யாராச்சும் சாவாங்களாண்ணே?" என்று இன்னும் அவருக்குத் தட்டு எடுத்து வைக்கிறாள்.

இப்போதுதான் எல்லாப் படகிலும் குரல்பெட்டி இருக்கிறதே, ஓட்டினவர் குரலிலேயே வழி சொல்லும். வெள்ளோட்டம் கிளம்பியதும், "மச்சான், இடப்பக்கம் மணல்திட்டு. இன்னும் கண்ணாடி போடலியா நீரு?" என்றது. அதே நக்கல். பாசித்திட்டு ஓரம் மோட்டார் தானாக நின்றது.

"இங்கதான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தேன். அவளைக் காத்திருக்க வேண்டாம்னு சொல்லும்."

அப்படியே வந்து சொன்னேன்.

"அவரு குரல்தானா?"

"சந்தேகமே இல்லம்மா. பெட்டி பேசுச்சு, நான் கேட்டேன்."

பிரகாசி அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து அந்தக் குரல்பெட்டியை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

படகு கரை ஒதுங்கிய அன்றைக்கே அவள் அதைக் கழற்றிவிட்டிருந்தாள்.